கடலோர வீட்டில் துரு, உப்பு, கறை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

பூச்சில்லாத கான்கிரீட், தானே துருவேறி நிறம் மாறும் கோர்ட்டன் தகடு, வெயிலில் வெளிறும் தேக்கு, செம்புரைக்கல், சுண்ணாம்புக் காரை. கோவளத்திலிருந்து புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக எழும் பல வீடுகளின் பொருள் பட்டியல் இதுதான். பெயின்ட் செலவு இல்லை, வயது ஏற ஏற அழகு கூடும் என்று நம்பித்தான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்நாட்டில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும். கடலோரத்தில் மழை கழுவி, காற்று உலர்த்தும் பரப்புகளில் மட்டுமே பலிக்கும்.

இந்தக் கரையில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜனவரி முதல் மே வரை ஏறக்குறைய வறட்சி. அந்த மாதங்களில் பிற்பகல் கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கழுவ ஆளில்லாமல் சுவரில் சேர்ந்துகொண்டே போகும். இரவு ஈரத்தை அந்த உப்பே இழுத்துப் பிடித்து வைக்கும். ஆகவே மழையில் நேராக நனையும் முகப்பை விட சன்ஷேடின் அடிப்பகுதி, போர்ட்டிகோவின் உள்கூரை, பால்கனிக் கைப்பிடியின் கீழ்ப்புறம் ஆகியவைதான் முதலில் கெடும். எந்தப் பழுதைத் தேடினாலும் மழை படாத இடத்தில் தொடங்குங்கள்.

தூரம் பற்றி ஒரு வார்த்தை. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊரகப் பகுதிகளில் 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் கோடு) 50 மீட்டரும், மற்ற இடங்களில் 200 மீட்டரும் கட்டுமானம் கூடாத பகுதி. இந்த எல்லைக்கு வெளியே வந்துவிட்டோம், இனி உப்பு பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டத்துக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. அலை உடையும் கரையிலிருந்து 200 மீட்டர் என்பது துருவின் கணக்கில் முதல் வரிசைதான்.

கையில் இருக்க வேண்டியவை: 200 கிராம் சுத்தியல், வெள்ளைத் துணி, விரிசல் அகலம் பார்க்கும் அட்டை, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் 1 சதவீத பீனால்ஃப்தலீன் கரைசல், கான்கிரீட்டுக்குள் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும், வாடகைக்குக் கிடைக்கும் கவர் மீட்டர்.

கோர்ட்டன் தகடு ஆரஞ்சாகவே நிற்கிறது, செதில் உரிகிறது

நல்ல கோர்ட்டன் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரும்பழுப்பாகி, தேய்த்தால் மிகக் கொஞ்சம் பொடி மட்டும் விடும். வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி முழுக்க ஆரஞ்சுப் பொடி வந்தால், அல்லது நகத்தளவு செதில்கள் கையோடு வந்தால், மேலே காப்புப் படலம் உருவாகவில்லை. தகடு சாதாரண இரும்பு போலத் தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த எஃகில் கலந்துள்ள செம்பு, குரோமியம், நிக்கல், பாஸ்பரஸ் ஆகியவை சேர்ந்து அடர்த்தியான துருப்படலம் ஒன்றை உருவாக்கும். அதற்கு நனைவதும் முழுதாக உலர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். குளோரைடு இருக்கும் இடத்தில் பரப்பு முழுதாக உலர்வதே இல்லை, படலமும் இறுகுவதில்லை. ஹவாயில் 1975இல் திறந்த அலோஹா விளையாட்டரங்கம் இதே எஃகில் கட்டப்பட்டு, உப்புக் காற்றில் துரு நிற்காமல், பின்னாளில் பெரும் பொருட்செலவில் பூச்சு அடிக்க வேண்டி வந்தது. நம் ஊரில் கூடுதலாக ஒரு கொடுமை: சீக்கிரம் நிறம் வர வேண்டும் என்று ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே உப்புத் தண்ணீர் தெளித்துத் துரு ஏற்றுகிறார்கள். தகடு வீட்டுக்கு வரும்போதே நோயோடு வருகிறது.

செய்ய வேண்டியது தகட்டின் மிச்சத் தடிமனைப் பொறுத்தது. அல்ட்ராசானிக் தடிமன் மானியால் மேல், நடு, கீழ் விளிம்பு என மூன்று மட்டங்களில் அளந்து பாருங்கள். கீழ் விளிம்பும், தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் மடிப்புகளும்தான் முதலில் மெலியும். 2 மி.மீ. தகட்டில் கால் பங்கு போயிருந்தால் கழற்றிவிடுவது நல்லது. மிச்சம் திடமாக இருந்தால்:

1. செதில்களைச் சுரண்டி, உயர் அழுத்த நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கம்பி பிரஷால் உலர்வாகத் தேய்ப்பது மட்டும் போதாது, குழிகளுக்குள் இருக்கும் உப்பு வெளியே வராது.
2. உலர்ந்ததும் மணல் வீச்சு. வெள்ளி நிறம் தெரிய வேண்டும். மறுநாள் காலை அது மீண்டும் கறுத்து வியர்த்தால் உப்பு மிச்சம் உள்ளது, கழுவலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.
3. துத்தநாக எபாக்ஸி பிரைமர், இடைப்பட்ட எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன். துரு நிறமே வேண்டுமென்றால் மேல் பூச்சில் அந்த நிறம் கிடைக்கும்.

மூன்றாம் படிக்கு வந்தால் கோர்ட்டன் வாங்கிய பணம் வீண் என்பது உண்மைதான். அதனால் வரைபட நிலையிலேயே சொல்லிவிடுகிறோம்: கடலைப் பார்த்த முகப்பில் கோர்ட்டன் வேண்டாம். வேண்டியே தீருமென்றால் மழை நேராகப் படும் தோட்டச் சுவர், வெளி வாயில் போன்ற கழற்றி மாற்றக்கூடிய இடங்களில் மட்டும், 4 மி.மீ.க்குக் குறையாமல், மண்ணிலிருந்து 150 மி.மீ. உயர்த்தி, கீழே 300 மி.மீ. அகலச் சரளைப் பள்ளம் விட்டு வையுங்கள். தானாக நிறம் மாறும் உலோகம் கடல் முகப்பில் வேண்டுமென்றால் செம்புத் தகடு சரியான தேர்வு. உப்புக் காற்றில் அது பழுப்பாகிப் பச்சையாகும், துளைபடாது. ஆனால் செம்பில் வழியும் நீர் அலுமினியத்தின் மீது விழக்கூடாது.

கான்கிரீட்டில் துருப் புள்ளி, நேர்கோட்டு விரிசல், பெயரும் சில்லு

மூன்றும் ஒரே நோய் அல்ல. பிரித்தறியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் சிமென்ட் பால் அடித்து மூடிவிட்டுப் போவார்.

சுற்றிலும் விரிசல் இல்லாமல், மிளகு அளவில் தனித்தனிப் புள்ளிகள், அதுவும் பீம், ஸ்லாப் அடிப்பரப்பில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பைண்டிங் வயர் துண்டு. கம்பி கட்டும்போது வெட்டிப் போட்ட துண்டுகள் சென்ட்ரிங் பலகை மேல் விழுந்து, கான்கிரீட்டின் முகத்திலேயே சிக்கிக்கொண்டவை. புள்ளியைச் சுற்றி 20 மி.மீ. ஆழம் தோண்டித் துண்டை எடுத்து, அதே சிமென்ட், அதே மணலில் பாலிமர் கலந்த சாந்தால் அடையுங்கள். தடுப்பது மிகச் சுலபம்: கான்கிரீட் போடுமுன் பலகை மேல் காந்தம் ஓட்டி, பிறகு காற்று ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கட்டுக் கம்பியின் வால்களை உள்நோக்கி மடக்க வேண்டும்.

150 அல்லது 200 மி.மீ. இடைவெளியில் இணையாக ஓடும் கீற்று விரிசல் வேறு சங்கதி. கம்பி வரிசையைத்தான் அது காட்டுகிறது. துருவின் கன அளவு இரும்பைப் போலப் பல மடங்கு என்பதால் உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது, முற்றினால் சில்லாகப் பெயர்கிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளல் ஒலி வரும் எல்லையைச் சாக்பீஸால் குறியுங்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசலை விட அந்த எல்லை எப்போதும் பெரிதாக இருக்கும்.

பிறகு ஓர் இடத்தில் உடைத்து, புது முகத்தில் உடனே பீனால்ஃப்தலீன் தெளியுங்கள். கம்பி வரை நிறமே வராவிட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தைத் தின்றுவிட்டது. கம்பியைச் சுற்றி நல்ல இளஞ்சிவப்பு வந்தும் கம்பி துருப்பிடித்திருந்தால் காரணம் குளோரைடு. கடலோரத்தில் அதிகம் பார்ப்பது இரண்டாவதைத்தான். அந்த உப்பு வெளியிலிருந்து ஊறியதா, கலக்கும்போதே வந்ததா என்பதை ஆழ வாரியாகத் துளைத்தெடுத்த தூளைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். வெளியே அதிகம், உள்ளே குறைவு என்றால் கடற்காற்று. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு என்றால் தண்ணீரோ மணலோ. கடற்கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு நீர் ஏறியிருப்பது புதிதல்ல. இரும்புக் கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நனைப்பதற்கு மட்டும் போர் தண்ணீர் விடுவதும் அதே தவறுதான்.

பழுது பார்க்கும் வரிசை:

1. ஸ்லாபுக்கும் பீமுக்கும் முட்டுக் கொடுங்கள்.
2. குறித்த எல்லையைத் தாண்டி, கம்பியில் துரு இல்லாத இடம் வரை உடையுங்கள். கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். முன்புறம் மட்டும் சுரண்டிப் பூசுவதால்தான் பழுது பார்த்த இடமே மறுபடி பெயர்கிறது. விளிம்பை 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள்.
3. கம்பியைப் பளிச்சென்று சுத்தம் செய்து, நல்ல தண்ணீரில் கழுவி, விட்டத்தை அளங்கள். குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டு இணைக் கம்பி கட்டுங்கள்.
4. குளோரைடுதான் காரணம் என்றால், பழுது பார்த்த ஒட்டின் ஓரத்தில், கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாக ஆனோடு வில்லைகளைக் கம்பியோடு கட்டுங்கள். இதை விட்டுவிடுவோர் அதிகம். விட்டால், ஒட்டுப் போட்ட இடம் ஆரோக்கியமாகிவிடும், அதை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் உள்ள கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். புதுத் துரு ஒட்டைச் சுற்றி வளையமாக வருவதன் காரணம் இதுவே.
5. பாலிமர் கலந்த பழுதுச் சாந்தை அடுக்கடுக்காக வைத்து, ஈரச் சாக்கால் மூடி நனைக்கவும்.
6. முழுதாக உலர்ந்தபின், அந்த முகப்பு முழுவதற்கும் சிலேன் ஊட்டம். நிறம் மாறாது, நீர் மட்டும் உள்ளே போகாது.

இத்தனையும் வராமல் இருக்க வரைபடத்தில் எழுத வேண்டியவை சில எண்கள்தான். ஐ.எஸ். 456: 2000 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைக்கிறது: எம்30 வலிமைத் தரக் கான்கிரீட், 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்). கடல் நீர்த் திவலை நேராகப் படும் பரப்பு மிகக் கடுமையான வகை: எம்35, 50 மி.மீ. கவர். இரண்டுக்கும் நீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது. முதல் வரிசை வீடு என்றால் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். சல்பேட் தாங்கும் சிமென்ட்டைக் கடலோரத்துக்கு நல்லது என்று கடைக்காரர் கொடுப்பார். வீட்டின் மேற்பகுதிக்கு அது சரியல்ல, குளோரைடைக் கட்டிப்போடும் திறன் அதில் குறைவு. ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்ட் எடுத்து, 14 நாள் நனைப்பதே பலன் தரும்.

கவர் எண் வரைபடத்தில் சரியாக இருந்தும் களத்தில் தவறுவது அலங்காரக் கோடுகளால். பூச்சில்லாத கான்கிரீட்டில் நிழல் விழ 20 மி.மீ. பள்ளக்கோடு கொடுப்பார்கள். 45 மி.மீ. கவர் அந்த இடத்தில் 25 ஆகிவிடும், விரிசலும் சரியாக அந்தக் கோட்டிலேயே வரும். கவரைப் பள்ளத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். மெல்லிய நிழல்தடுப்புப் பலகைகளும் அப்படியே: இருபுறமும் 50 மி.மீ. கவர், நடுவில் ஒற்றைக் கம்பி வலை என்றாலே 120 மி.மீ. ஆகிறது. 75 மி.மீ. கான்கிரீட் பலகை படத்தில் மட்டும் அழகு. கவர் பிளாக்கும் அதே தரக் கான்கிரீட்டில் வார்த்ததாக இருக்கட்டும், உடைந்த கல்லும் டைல் துண்டும் வேண்டாம்.

புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1940களில் முடிந்த கோல்கொண்டா விடுதி கடற்கரைக்குப் பக்கத்திலேயே பூச்சில்லாத கான்கிரீட்டில் நிற்கிறது. அக்கறையான கட்டுமானமும் இடைவிடாத பராமரிப்பும் சேர்ந்தால் இந்தப் பொருள் நம் கடற்கரையில் தாங்கும்.

கான்கிரீட் சுவரில் கருங்கோடு

பாசிதான், பலத்துக்குக் கேடில்லை. கைப்பிடிச் சுவரின் மேல்மட்டம் வெளிப்பக்கம் சரிந்திருக்கும், தூசியோடு நீர் முகப்பில் வழியும். மேல்மட்டத்தை உள்பக்கம் சரித்து, நீட்டிய கற்பலகையின் அடியில் 12 மி.மீ. சொட்டுப் பள்ளம் வெட்டினால் நின்றுவிடும்.

கண்ணாடியில் துடைத்தாலும் போகாத வெண்திட்டு

விரலால் தடவுங்கள். மேடாக இருந்தால் படிவு, நீர்த்த வினிகரில் போகும். வழவழப்பாக இருந்தும் பால்போலத் தெரிந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது. மேலே உள்ள புதுக் கான்கிரீட்டிலிருந்து வழியும் சுண்ணக் கார நீர் இதைச் செய்யும். சீரியம் ஆக்ஸைடு கொண்டு மெருகேற்றினால் லேசான அரிப்பு மறையும், ஆழமானதற்குக் கண்ணாடி மாற்றுவதே வழி. கண்ணாடியைச் சுவர் முகத்திலிருந்து 100 மி.மீ.யாவது உள்வாங்கி, லிண்டலில் சொட்டுப் பள்ளம் வையுங்கள். கட்டி முடிக்கும் வரை பாலித்தீன் மூடியிருக்கட்டும்.

தேக்கு வெள்ளியாக மாறாமல் கறுக்கிறது

ஆணியைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறுப்பு என்றால் இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்தது. ஆணியே இல்லாத இடத்தில் சிதறிய கரும்புள்ளி என்றால் பக்கத்தில் யாரோ கிரைண்டர் ஓட்டியிருக்கிறார்கள், பொறி விழுந்த இடம் அது. இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒரு லிட்டர் வெந்நீரில் 60 முதல் 100 கிராம் ஆக்சாலிக் அமிலம், கையுறையும் கண்ணாடியும் போட்டு, நைலான் பிரஷால் தடவி, 15 நிமிடம் கழித்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். விஷம், குழந்தைகளும் நாயும் பக்கத்தில் வேண்டாம். அதோடு இரும்பு ஆணிகளைக் கழற்றி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகத் திருகு போடாவிட்டால் அடுத்த மழையில் கறை திரும்பும்.

பரவலான, துடைத்தால் கையில் ஒட்டும் கறுப்பு பூஞ்சை. ஆளிவிதை எண்ணெய் பூசிய மரத்தில்தான் இது அதிகம், பூஞ்சைக்கு அது தீனி. வெளிறவிடுவது என்று முடிவானால் எண்ணெயே பூசாதீர்கள். பலகைகளுக்கு நடுவே 6 மி.மீ. இடைவெளி, அடியில் காற்றோட்டம், வெட்டு முனைகளில் மெழுகுப் பூச்சு. கூரைக்கு அடியில் பாதி, வெளியே பாதி என்று ஒரே பலகையை ஓட்டினால் வெளிப்பாதி சாம்பல், உள்பாதி தவிட்டு நிறம் என்றே நிரந்தரமாக நிற்கும். கூரை விளிம்பு விழும் இடத்தில் பலகையின் திசையை மாற்றுங்கள்.

எஸ்.எஸ். கைப்பிடியில் டீ நிறக் கறை

கைப்பிடி பெரும்பாலும் 304 ரகமாக இருக்கும். காந்தம் வைத்து 304, 316 பிரிக்க முடியாது. மாலிப்டினம் சோதனைத் துளியால் முடியும், 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். கறை மேலோட்டமானது, ஆனால் குளியலறை ஆசிட் ஊற்றினால் குழி விழும், அது ஹைட்ரோகுளோரிக். இரும்பு நாரும் ஆகாது. சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துப்புரவுத் திரவத்தால் துடைத்து, கழுவி, உலர்த்துங்கள். புதிதாக வாங்கும்போது 316, அதிலும் கண்ணாடி மெருகு. ஹேர்லைன் மெருகின் (மெல்லிய கோடுகளாகத் தேய்த்த பரப்பு) கீறல்களில் உப்பு தங்கும். குறிப்பாகக் கிடைமட்டக் கீறல்கள்.

சுவரின் கீழ்ப்பாதி பொடிகிறது, ஆத்தங்குடித் தரையில் வெண்மை

தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை செம்புரைக்கல் மாவாகக் கொட்டினால், நிலத்தடி உப்பு நீர் மேலேறி, சுவரில் ஆவியாகி, உப்பை விட்டுச் செல்கிறது. சிமென்ட் பூசி மூடுவதும் தெளிவான சீலர் அடிப்பதும் நிலைமையை மோசமாக்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் முகத்தையே தள்ளும்.

முதலில் உலர்ந்த பிரஷால் உப்பைப் பெருக்கி அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றினால் கரைந்து உள்ளே போய்விடும். சிமென்ட் சந்துப் பூச்சைச் சுரண்டி, காகிதக் கூழைச் சுத்த நீரில் பிசைந்து 20 மி.மீ. கனத்தில் அப்பி, உலர்ந்து தானாக விலகும்போது எடுத்தெறியுங்கள். உப்பு குறையும் வரை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்றுமணல் மூன்று விகிதத்தில் காரை, 10 மி.மீ. அடுக்காக. அந்தக் காரை சில ஆண்டுகளில் உதிரும். கல்லுக்குப் பதிலாகக் காரை தன்னைத் தியாகம் செய்வதுதான் கணக்கு. புது வீட்டில் அடித்தள பெல்ட் மேல் ஈரத்தடுப்பு அடுக்கு விடுபடக்கூடாது. ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியிலும் பாலித்தீன் தடுப்பும், உப்பில்லாத மணலும் போட்டால் வெண்மை எழாது.

புயலன்று ஸ்லைடிங் கதவின் அடியில் தண்ணீர்

சிலிக்கான் பூசிப் பயனில்லை. காற்றழுத்தம் பாஸ்கலில், வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் வரும். விநாடிக்கு 40 மீட்டர் வேகக் காற்றுக்கு 960 பாஸ்கல். 10 பாஸ்கல் ஏறத்தாழ 1 மி.மீ. நீரை உயர்த்தும். அதாவது தண்டவாளக் குழியில் நீர் 96 மி.மீ. ஏறி நிற்கும். தரையோடு தரையாகக் கதவு வேண்டும் என்று 25 மி.மீ. தடுப்பு வைத்தால் வழிந்தே தீரும். சென்னைக்குக் கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருக்கும் கதவுக்கு முதலில் தண்டவாளத்தின் நீர்த்துளைகளில் அடைத்த மணலை எடுங்கள். அடுத்து, கதவுக்கு வெளியே கம்பித் தட்டி மூடிய 150 மி.மீ. அகலக் கிராட்டிங் வடிகாலும், வெளித்தளத்தை 50 மி.மீ. தாழ்த்துவதும். புது வீட்டில் கிழக்கு, வடகிழக்கு முகங்களுக்கு 100 மி.மீ. தடுப்பு வையுங்கள். தரைமட்டக் கதவு ஆசையை மேற்கு முற்றத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

அலுமினிய ஜன்னலில் கொப்புளம், ஏ.சி. துடுப்பு உதிர்தல்

திருகைச் சுற்றிப் பூச்சு கொப்புளித்தால் எஸ்.எஸ். திருகும் அலுமினியமும் உப்பு நீரில் மின்கலமாகிவிட்டன. திருகைக் கழற்றி நைலான் வாஷரும் காப்புப் பசையும் வைத்துப் போடுங்கள். புது ஜன்னலுக்கு 25 மைக்ரான் அனோடைசிங் கேளுங்கள். ஏ.சி. வெளியலகைக் கடலுக்கு மறைவான பக்கம் வைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் தெளியுங்கள்.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும் என்பதை பிளம்பிங் வரைபடத்திலேயே எழுதுங்கள்: ஒவ்வொரு மாடியிலும் வெளிப்புறம் ஒரு ஹோஸ் குழாய், போரிலிருந்து அல்ல, மழைநீர்த் தொட்டி அல்லது நல்ல தண்ணீர் இணைப்பிலிருந்து. ஜனவரி முதல் மே வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சன்ஷேட் அடி, உள்கூரை, கைப்பிடியின் கீழ்ப்புறம் ஆகிய மூன்றையும் முதலில் கழுவிவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.